கனத்த ஆளுக்கு ஆடாத ஃபிஷிங் கயாக் எப்படிப் பாத்து வாங்குறது, கொடைக்கானல்ல இருந்து எழுதுறேன்

என் எடை 118 கிலோ. இதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா கயாக், அதாவது துடுப்பு போட்டு ஓட்டுற சின்னப் படகு, அதை வாங்குற விஷயத்துல எடையைக் குறைச்சுச் சொன்னா மாட்டிக்கிறது நாமதான், விக்கிறவருக்கு ஒண்ணும் ஆகாது. "அண்ணே எவ்ளோ இருப்பீங்க"ன்னு கேட்டா "ஒரு நூறு நூத்தஞ்சு இருக்கும்"னு வாய் தானா சொல்லிரும், நானும் அப்படித்தான் சொன்னேன். அந்தப் பதிமூணு கிலோ எங்க போச்சுன்னு தண்ணிக்குள்ள போனப்பதான் தெரிஞ்சுச்சு.

நான் முதல்ல வாங்குனது 10 அடி நீளம், 29 இஞ்ச் அகலம், பக்கத்துல ஒட்டியிருந்த ஸ்டிக்கர்ல 300 பவுண்டுன்னு போட்டிருந்துச்சு, அதாவது 136 கிலோ. நான் 118, லைஃப் ஜாக்கெட், தூண்டில் பெட்டி, ரெண்டு ராடு, தண்ணி கேன், சாப்பாடு, சின்ன நங்கூரம் எல்லாம் சேத்து ஒரு 15, மொத்தம் 133, மூணு கிலோ மிச்சம் இருக்கே, போதும்னு நெனச்சேன். பழனி பக்கம் அடிவாரத்துல இருக்குற ஒரு அணையில காலைல ஆறரை மணிக்கு இறக்குனேன். உக்காந்த உடனே சீட்டுக்குக் கீழ இருக்குற ஓட்டை வழியா, தண்ணி வடியுறதுக்குன்னு போட்டிருக்குற ஓட்டை அது, அது வழியா தண்ணி மேல ஏறி வந்து பேண்ட் நனைஞ்சுச்சு. சரி கொஞ்சம் நனையத்தான் செய்யும்னு விட்டுட்டேன், அதுதான் தப்பு. அந்தத் தண்ணி என்கிட்ட ஒரு விஷயம் சொல்லுது, படகு எவ்வளவு ஆழம் முங்கணுமோ அதைத் தாண்டி முங்கிருச்சுன்னு, அது எனக்கு அப்பப் புரியல. அரை மணி நேரம் கழிச்சு ஒரு ஜிலேபி கெண்டை மாட்டுச்சு, பின்னாடி கெடந்த வலையை எடுக்க இடுப்பைத் திருப்பி கையை நீட்டுனேன், அம்புட்டுதான், ஒரு நொடி கூட இல்ல, வலது பக்க விளிம்பு தண்ணிக்குள்ள போச்சு, நானும் போய்ட்டேன். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால இன்னைக்கு எழுதிட்டு இருக்கேன். கொஞ்ச தூரத்துல வலை இழுத்துட்டு இருந்த ஒரு பரிசல்காரர்தான் வந்து கரை சேத்தார்.

அவர் என்னைத் திட்டல. கரையில உக்கார வச்சு, என் கயாக்கை ஒரு தடவை தட்டிப் பாத்துட்டு, "தம்பி, இது ஓடுறதுக்குச் செஞ்சது, உக்காந்து மீன் புடிக்கிறதுக்குச் செஞ்சது இல்ல"ன்னு சொன்னார். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் நான் இப்ப எழுதப்போற எல்லாத்துக்கும் அடிப்படை.

பரிசலை யோசிச்சுப் பாருங்க. மன்னவனூர் ஏரில சுத்திருப்பீங்க, ஒகேனக்கல்ல போயிருப்பீங்க. வட்டமா, அகலமா, அடி தட்டையா இருக்கும், நேரா போகச் சொன்னா போகாது, சுத்திக்கிட்டே இருக்கும், ஆனா நாலு பேர் ஏறி உக்காந்தாலும் லேசுல கவுறாது. ஒடுக்கமா நீளமா இருக்குற படகு அதுக்கு நேர் எதிர், அம்பு மாதிரி போகும், ஆனா உக்காந்து தும்முனா கூட ஆடும். கயாக்னு நாம பாக்குறது எல்லாமே இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ ஒரு எடத்துல நிக்குது. நமக்கு வேண்டியது பரிசல் பக்கம் சாஞ்சு நிக்கிறது. கொடைக்கானல் மலையிலயும் சரி, அடிவாரத்துல வரதமாநதி, பாலாறு பொருந்தலாறு, குதிரையாறு மாதிரி அணைகள்லயும் சரி, நாம போற தூரம் ஒரு கிலோமீட்டர், ரெண்டு கிலோமீட்டர், அதுக்கு வேகம் எதுக்கு.

இதுல அகலம் செய்யுற வேலை நாம நெனக்கிறதை விட ரொம்பப் பெருசு. ஒரு படகு சாயாம நிக்கிற சக்தி அதோட நீளம் கூடுனா அதே அளவுக்குத்தான் கூடும், நீளம் ரெண்டு மடங்குன்னா அதுவும் ரெண்டு மடங்கு. ஆனா அகலம் கூடுனா அதோட கன அளவுக்குக் கூடும், அதாவது அகலத்தை மூணு தடவை பெருக்கிக்கணும். 30 இஞ்ச் படகையும் 36 இஞ்ச் படகையும் பக்கத்துல வச்சுப் பாத்தா ஆறு இஞ்ச் தான வித்தியாசம்னு தோணும், ஒரு சாண் கூட வராது, ஆனா கணக்குப் போட்டா 36ஐ 30ஆல வகுத்து 1.2, அதை 1.2 x 1.2 x 1.2னு பெருக்குனா 1.7 மடங்கு வந்துரும். அதனால 11 அடியா 12 அடியான்னு மண்டையை உடைக்கிறதுக்கு முன்னாடி அகலத்தைப் பாருங்க. 100 கிலோவுக்கு மேல இருக்குறவங்க 34 இஞ்சுக்குக் கீழ பாக்கவே வேணாம், 120 தாண்டுனா 36, எந்திரிச்சு நின்னு தூண்டில் வீசணும்னு ஆசை இருந்தா 36ல இருந்து 40 வரைக்கும் போங்க. உதாரணத்துக்கு, வெளிநாட்டுல பெரிய ஆளுங்க வாங்குற ஹோபி ப்ரோ ஆங்லர் 14னு ஒண்ணு இருக்கு, அது 38 இஞ்ச் அகலம், 600 பவுண்டு தாங்கும். நுகேனூ ஃப்ரான்டியர் 12 இன்னும் அகலம், 41 இஞ்ச், 650 பவுண்டு. இதையெல்லாம் இங்க இறக்குமதி பண்ணி வாங்குனா லட்சக்கணக்குல ஆகும், நான் வாங்கச் சொல்லல, ஆனா கனத்த ஆளுக்குன்னு யோசிச்சுச் செஞ்ச படகோட அளவு எப்படி இருக்கும்னு ஒரு கண்ணளவு கிடைக்கும்ல, அதுக்குச் சொன்னேன்.

இப்ப அந்த ஸ்டிக்கர் கதைக்கு வருவோம். 300 பவுண்டு, 350 பவுண்டுன்னு போட்டிருக்குறது பெரும்பாலும் படகு முங்காம இருக்குற கடைசி எல்லை, அதுவரைக்கும் ஏத்துனா சௌகரியமா உக்காந்து மீன் புடிக்கலாம்னு அதுக்கு அர்த்தம் கிடையாது. இது எப்படி கணக்குப் பண்ணுவாங்க, யார் செக் பண்ணுவாங்கன்னு எல்லாக் கம்பெனிக்கும் ஒரே முறையும் இல்ல. அதனால அந்த நம்பர்ல நூத்துக்கு எழுபது பங்குதான் நமக்குன்னு வச்சுக்கோங்க. எனக்கு சாமானோட 135 வருது, 135 ஐ 0.7ஆல வகுத்தா 193. அப்ப எனக்கு வேண்டியது குறைஞ்சது 195, 200 கிலோ தாங்குற படகு, பவுண்டுல பாத்தா 430, 440. கடையில பவுண்டுல சொன்னா 2.2ஆல வகுத்துக்கோங்க, கிலோ வந்துரும். 500 பவுண்டுன்னா 227 கிலோ.

எடையை எப்படிப் பாக்குறதுன்னா, வீட்டு மெஷின்ல சும்மா நின்னு பாக்காதீங்க. நான் காய்கறி மண்டிக்குப் போனேன், கேரட்டு, பூண்டு மூட்டை எல்லாம் நிறுக்குற பிளாட்பாரம் தராசு இருக்குல்ல, அதுல ஷூ, ஜெர்கின், லைஃப் ஜாக்கெட், தூண்டில் பெட்டி, சாப்பாட்டுப் பை எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு அப்படியே ஏறி நின்னேன். மண்டிக்காரர் தெரிஞ்சவர், ஒண்ணும் கேக்கல, எடை பாத்துச் சொல்லிட்டு அடுத்த மூட்டையைத் தூக்கப் போய்ட்டார். வீட்டுல கூட்டிப் பாத்ததை விட நாலு கிலோ கூட வந்துச்சு. ஈயக்குண்டு, நங்கூரம், தண்ணி பாட்டில் இதெல்லாம் நாம கணக்குல சேக்குறதே இல்ல. அப்பறம் மீன். நல்ல நாளா இருந்தா ரெண்டு கட்லா, ஒரு ரோகுன்னு எட்டு பத்து கிலோ ஏறும்ல, அதையும் சேருங்க.

ஒரு விஷயம் ரொம்ப கவனமா சொல்லணும், ஏன்னா இதை யாரும் சொல்லித் தரல. எனக்கு ரெண்டாவது படகு பாக்கும்போது விக்க வந்தவர் ஒரு டெமோ காட்டுனார். 25 கிலோ அரிசி மூட்டை ஆறை படகுல அடுக்கி, "பாருங்கண்ணே 150 கிலோ, அசையுதா பாருங்க"ன்னு சொன்னார். உண்மையாவே அசையல, நானும் கையால தள்ளிப் பாத்தேன், அப்படியே நின்னுச்சு. ஆனா மூட்டை படுத்துக் கெடக்குது அண்ணே, நாம உக்காந்து இருக்கோம். மூட்டையோட கனம் படகோட அடியில, ஒரு சாண் உயரத்துல இருக்கு. நம்ம கனம் வயித்துலயும் நெஞ்சுலயும், சீட்டுக்கு மேல ஒரு அடி உயரத்துல இருக்கு. அதே 150 கிலோதான், ஆனா தலையில தண்ணிக்குடம் வச்சு நடக்குறதுக்கும் இடுப்புல வச்சு நடக்குறதுக்கும் உள்ள வித்தியாசம். கனம் மேல ஏற ஏற படகு சாயுறதுக்குக் காத்துக்கிட்டு இருக்கும். அதனால மூட்டை டெமோ காட்டுனா முங்குற அளவை மட்டும் பாத்துக்கோங்க, ஆட்டத்தைப் பத்தி அது ஒண்ணும் சொல்லாது.

இங்கதான் சீட்டு வருது. கனத்த ஆளுங்க முக்காவாசிப் பேருக்கு முட்டி வலி இருக்கும், எனக்கும் இருக்கு, அதனால நாற்காலி மாதிரி உயரமா ஃப்ரேம் போட்ட சீட்டு இருந்தா சொர்க்கம் மாதிரி இருக்கும், கீழ உக்காந்து காலை நீட்டி மூணு மணி நேரம் இருந்தா எந்திரிக்கும்போது உயிர் போயிரும். ஆனா சீட்டு அரை அடி உயர்ந்தா நம்ம கனம் அத்தனையும் அரை அடி மேல போகுதுன்னு அர்த்தம். அதனால உயரமான சீட்டு வேணும்னா அகலமும் அதுக்குத் தகுந்த மாதிரி இருந்தே ஆகணும், 30 இஞ்ச் படகுல உயர சீட்டு போட்டு வித்தா வாங்காதீங்க. நல்லது எதுன்னா ஏத்தி இறக்குற மாதிரி ரெண்டு நிலை இருக்குற சீட்டு, காத்து அடிச்சா கீழ இறக்கிக்கலாம், தண்ணி அமைதியா இருந்தா மேல ஏத்திக்கலாம். சீட்டோட ஃப்ரேம் எவ்வளவு கிலோ தாங்கும்னு தனியா கேளுங்க. படகு 200 தாங்கும், சீட்டு 120க்கு மேல தாங்காதுன்னு இருக்குறது உண்டு, துணி சீட்டா இருந்தா தையல் முதல்ல கிழியும்.

சீட்டு அகலத்துக்கு இடுப்பை அளக்கணும். நின்னுக்கிட்டு அளந்தா தப்பா வரும், உக்காந்தா உடம்பு பரவும்ல. தரையில சுவரை ஒட்டி உக்காந்து ரெண்டு பக்கமும் ரெண்டு செங்கலை இடுப்பை ஒட்டின மாதிரி வச்சுட்டு, எந்திரிச்சு ரெண்டு கல்லுக்கும் நடுவுல டேப் போட்டு அளங்க. எனக்கு 19 இஞ்ச் வந்துச்சு. அதோட ரெண்டு இஞ்ச் சேத்து 21, சீட்டோட உள் அகலம் அவ்வளவு இருக்கணும், இல்லன்னா ஃப்ரேம் கம்பி தொடையில அழுத்தி ஒரு மணி நேரத்துல கால் மரத்துப் போயிரும். மரத்துப்போன காலோட கரையில இறங்குறது ஆபத்து, அங்கதான் நெறைய பேர் விழுறாங்க.

அடிப்பக்கம் எப்படி இருக்குன்னு படகைக் கவுத்துப் போட்டு பாருங்க. தட்டையா இருந்தா உக்காந்த உடனே கல்லு மாதிரி நிக்கும், ஆனா ஒரு அளவுக்கு மேல சாஞ்சா சட்டுனு கவுந்துரும். உருண்டையா இருந்தா முதல்ல ஆடிக்கிட்டே இருக்கும், ஆனா சாஞ்சாலும் திரும்பி வரப் பாக்கும். உக்காந்த உடனே ஆடாம நிக்கிறதை பிரைமரி ஸ்டெபிலிட்டின்னும், சாஞ்சதுக்கப்பறம் தாங்குறதை செகண்டரி ஸ்டெபிலிட்டின்னும் சொல்வாங்க. நம்ம மாதிரி ஆளுக்கு நான் சொல்றது நடுவுல குழிஞ்சு ரெண்டு பக்கமும் ரெண்டு கால் மாதிரி இறங்குன அடி, பான்டூன் ஹல், இல்லன்னா டனல் ஹல்னு சொல்வாங்க, ரெண்டு கட்டுமரத்தைப் பக்கத்து பக்கத்துல கட்டி மேல பலகை போட்ட மாதிரி. மிதக்குற பாகம் ரெண்டும் ஓரத்துல போயிருதுல்ல, அதனால சாயுறதுக்கு நல்லா எதிர்த்து நிக்கும். துடுப்பு போட கொஞ்சம் கனமா இருக்கும், பரவால்ல. நீளம் 11ல இருந்து 12 அடி போதும். 10 அடிக்குக் கீழ போனா கனத்த ஆளு உக்காரும்போது பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கிக்கிட்டு நிக்கும், நேரா போகாது. 13க்கு மேல போனா நம்ம காட் ரோட்டுல ஏத்திக் கொண்டுவர்றதே பெரிய பாடு.

உள்ள உக்காருற மாடல், அதாவது இடுப்பு வரைக்கும் ஓட்டைக்குள்ள நுழைச்சு உக்காருறது, கனத்த ஆளுக்கு வேணாம். கவுந்தா உள்ள தண்ணி ரொம்பும், நுழையுறதும் கஷ்டம், வெளிய வர்றது அதை விடக் கஷ்டம். மேல உக்காருற சிட் ஆன் டாப் தான் நமக்கு. தண்ணி வடியுற ஓட்டைகளை ஸ்கப்பர்னு சொல்வாங்க, அதுக்கு அடைப்பு கூடவே வரும். அளவான படகுல நீங்க முழுச் சாமானோட உக்காந்தா அந்த ஓட்டை வழியா தண்ணி மேல வரக்கூடாது. ஒரு கைப்பிடி தண்ணி வந்தாலே அந்தப் படகு உங்களுக்குச் சின்னது, அடைப்பு போட்டு அடைச்சு வச்சு சமாளிக்கலாம்னு நெனக்காதீங்க, அது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை ஒளிச்சு வைக்கிற மாதிரி.

இப்ப நெறைய பேர் கேக்குறது காத்தடிக்கிற கயாக் பத்தி. விலை கம்மி, மாடியில மடிச்சு வச்சுக்கலாம், பஸ்ல கூட கொண்டு போகலாம், எல்லாம் சரிதான். இன்டெக்ஸ் எக்ஸ்கர்ஷன் ப்ரோ மாதிரி ரெண்டு பேருக்குன்னு செஞ்சது 180 கிலோ தாங்கும், அதுல ஒரு சீட்டை எடுத்துட்டு ஒரே ஆளா உக்காந்தா நல்லாவே நிக்கும். ஆனா வெளி அகலத்தைப் பாத்து ஏமாறக் கூடாது. 36, 37 இஞ்ச்னு போட்டிருக்கும், ரெண்டு பக்க டியூப்பும் ஒவ்வொண்ணு ஒன்பது பத்து இஞ்ச் சாப்டுரும், நாம உக்காருற எடம் 17, 18 இஞ்ச் தான் மிஞ்சும். செங்கல் வச்சு அளந்தீங்கல்ல, அந்த அளவை இங்க போட்டுப் பாருங்க. தரைப்பகுதி ட்ராப் ஸ்டிச்னு சொல்ற பலகை மாதிரி விறைப்பா நிக்கிற வகையா இருந்தா நல்லது, மெத்தை மாதிரி அமுங்குற தரையா இருந்தா நடுவுல நம்ம கனம் குழி விழ வச்சு ரெண்டு முனையும் மேல தூக்கி வாழைப்பழம் மாதிரி வளைஞ்சுரும்.

காத்தடிக்கிற படகை மலைக்குக் கொண்டு வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்லியே ஆகணும். வத்தலகுண்டுல ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கி வண்டியில போட்டுட்டு காட் ரோடு ஏறுங்க, சில்வர் காஸ்கேட் வர்றதுக்குள்ள அது பலூன் மாதிரி உப்பி நிக்கும், விரலால தட்டுனா டம்முனு சத்தம் வரும். வத்தலகுண்டு 300 சொச்சம் மீட்டர் உயரம், கொடைக்கானல் 2100 மீட்டருக்கு மேல. இந்த உயரத்துக்கு வெளிக்காத்தோட அழுத்தம் கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சுரும், கணக்குல சுமார் 2.7 பிஎஸ்ஐ. சாதாரண காத்துப் படகோட பக்க டியூப்புக்கு அடிக்கச் சொல்ற அளவே சுமார் 1 பிஎஸ்ஐ தான். கீழ நல்லா அடிச்சு கேரியர்ல கட்டிட்டு மேல வந்தீங்கன்னா உள்ள இருக்குற அழுத்தம் மூணு மடங்குக்கு மேல ஏறி தையல் பிரிஞ்சுரும். மடிச்சுக் கொண்டு வந்து ஏரிக்கரையில அடிங்க. அதே மாதிரி அடிச்சு வெயில்ல போட்டுட்டு டீ குடிக்கப் போகாதீங்க, மலை வெயில் சுள்ளுன்னு அடிக்கும், கருப்பு நிறப் படகுன்னா சீக்கிரம் விறைச்சுரும். தண்ணியில இறக்குனதும் குளிருக்கு காத்து சுருங்கி படகு தொளதொளன்னு ஆகும், பத்து நிமிசம் கழிச்சு இன்னொரு தடவை பம்ப் போட்டு பாத்துட்டு அப்பறம் ஏறுங்க. கனத்த ஆளுக்கு காத்து கொஞ்சம் குறைஞ்சாலே ஆட்டம் ரொம்பக் கூடிரும், அதனால இதைச் சோம்பல் படாம செய்யணும்.

கெட்டி பிளாஸ்டிக் படகுக்கும் இது பொருந்தும். உள்ள கூடா இருக்கும்ல, பின்னாடி ஒரு திருகு அடைப்பு இருக்கும், மலை ஏறும்போதும் இறங்கும்போதும் அதைக் கழட்டி வச்சுருங்க. மூடியே கொண்டு வந்தா ஏறும்போது அடி உப்பும், மேல காத்து கசிஞ்சுட்டு இறங்கும்போது டொக்குன்னு உள்ள குழிஞ்சு போயிரும். கீழ போய் இறக்குறதுக்கு முன்னாடி மறக்காம திரும்ப மாட்டணும், கழட்டுன உடனே அதை வண்டிச் சாவியோட சேத்து கோத்துருங்க, மறக்கவே முடியாது.

அகலமான படகு கனமும் கூட. 36 இஞ்ச், 12 அடி கெட்டிப் படகு 35 கிலோவுல இருந்து 50 வரைக்கும் வரும், பெடல் போட்டதுன்னா அதுக்கும் மேல. சின்ன காரோட கூரை எவ்வளவு தாங்கும்னு வண்டியோட கையேட்டுல போட்டிருக்கும், கேரியர் கம்பியோட எடையும் அதுக்குள்ளதான் வரும், பாத்துட்டு ஏத்துங்க. நடுவுல ரெண்டு பட்டை போட்டா பத்தாது, முன் மூக்குல இருந்து பம்பருக்கும் பின் மூக்குல இருந்து பம்பருக்கும் கயிறு கட்டணும், கொண்டை ஊசி வளைவுல படகு பக்கவாட்டுல நகராம பிடிக்கிறது அந்தக் கயிறுதான். பெடல் படகு கால் சும்மா இருக்குறதுக்கு நல்லதுதான், கை ரெண்டும் தூண்டிலுக்குக் கிடைக்கும், ஆனா நம்ம பக்கம் ஏரிகள்ல நீர்ச்செடி ஜாஸ்தி, பெடல் இறக்கையில சுத்திக்கும், அதை எடுக்க ஓரத்துல குனியணும், கனத்த ஆளு ஓரத்துல குனியுறதைத்தான் நாம தவிர்க்கணும்னு பாக்குறோம். அதனால முதல் படகு துடுப்புப் படகா இருக்கட்டும். துடுப்பு நீளம் மறந்துராதீங்க, கடையில சும்மா குடுக்குற 220 சென்டிமீட்டர் துடுப்பு அகலப் படகுல தண்ணிக்கு எட்டாது, எட்டுறதுக்காக நீங்க சாய வேண்டி வரும். 250, 260 வாங்குங்க.

வாங்குறதுக்கு முன்னாடி தண்ணியில உக்காந்து பாக்கணும், இதுல விட்டுக்குடுக்கவே கூடாது. இடுப்பளவு தண்ணியில, பக்கத்துல ஒரு ஆள் நிக்க, முழுச் சாமானோட உக்காருங்க. நேரா பாத்து அஞ்சு நிமிசம் சும்மா இருங்க, உடம்பு பழகும். அப்பறம் இடுப்பை இடமும் வலமும் ஆட்டிப் பாருங்க, பின்னாடி கையை நீட்டி ஒரு பொருளை எடுங்க, என்னைக் கவுத்தது அந்த அசைவுதான். விளிம்புக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒரு சாண் இருக்கான்னு கூட வந்தவரைப் பாக்கச் சொல்லுங்க. நிக்கணும்னு ஆசைன்னா அங்கயே நின்னு பாருங்க, காலை தோள் அகலத்துக்கு விரிச்சு, சீட்டுக்கு முன்னாடி ஒரு பட்டை கட்டி அதைப் பிடிச்சு எந்திரிங்க, துடுப்பை ஊணி எந்திரிச்சா கவுந்துரும். விக்கிறவர் தண்ணியில இறக்க விடமாட்டேன்னா வேற எடம் பாருங்க. நான் ரெண்டாவது தடவை நாலு படகு உக்காந்து பாத்துட்டுத்தான் வாங்குனேன், 12 அடி, 36 இஞ்ச், 220 கிலோ தாங்குறது, இப்ப மூணு வருசமா அதுலதான் போறேன், ஒரு தடவை கூட ஓட்டை வழியா தண்ணி வரல.

லைஃப் ஜாக்கெட் ஃப்ரீ சைஸ்னு இருந்தா நம்பாதீங்க, நெஞ்சு சுத்தளவை டேப் வச்சு அளந்து, அந்த அளவுல இருக்குறதா வாங்குங்க. போட்டு பக்கிள் எல்லாம் மாட்டிட்டு ஒரு ஆளை தோள்பட்டையில பிடிச்சு மேல தூக்கச் சொல்லுங்க, காது வரைக்கும் ஏறுச்சுன்னா அது உங்களுக்கு ஆகாது. எடை கூடுனா மிதப்பு சக்தியும் ரொம்பக் கூட வேணும்னு இல்ல, பெரியவங்களுக்கு தலை வெளிய நிக்க கூடுதலா மூணுல இருந்து அஞ்சு கிலோ தூக்குனாலே பொதுவா போதும், உடம்புக் கொழுப்பு தண்ணியை விட லேசுதான. அளவுதான் முக்கியம், வயித்துல ஏறி நிக்காம நெஞ்சுல நிக்கிற மாதிரி. ஒரு விசில் கோத்துருங்க. மார்கழி தை மாசம் மலைத் தண்ணியில விழுந்தா முதல்ல மூச்சு இழுத்துக்கும், கத்த முடியாது, மூடுபனி இறங்குனா பத்தடி தள்ளி இருக்குறவருக்குக் கூட தெரிய மாட்டோம்.

விழுந்தா திரும்ப ஏறுறதை கரையோரத்துல பழகிட்டுத்தான் ஆழத்துக்குப் போகணும். அகலப் படகு லேசுல கவுறாது, ஆனா கவுந்துட்டா அதைத் திருப்புறது கஷ்டம், அதுக்கு ஒரு பத்தடி பட்டையை ஒரு பக்க கைப்பிடியில கட்டி வச்சுக்கோங்க, கவுந்த படகோட அடி மேல அதை எறிஞ்சு, எதிர்ப் பக்கம் போய்ப் பிடிச்சு, உடம்பு கனத்தைப் போட்டு பின்னாடி சாஞ்சா திரும்பிரும், இந்த ஒரு எடத்துல நம்ம எடை நமக்கு உதவி. ஏறும்போது கையால மட்டும் இழுத்து ஏறப் பாக்காதீங்க. காலை பின்னாடி நீட்டி நீச்சல் அடிக்கிற மாதிரி உதைச்சு, உடம்பு தண்ணியோட மட்டத்துக்கு வந்ததும் வயிறு படகு மேல படுற மாதிரி சறுக்கி ஏறி, அப்பறம் மல்லாக்கத் திரும்பி, பிட்டத்தை சீட்டுல வச்சு, கடைசியாத்தான் காலை உள்ள எடுக்கணும். கை பலம் பத்தலன்னா பட்டையில ஒரு வளையம் போட்டு தண்ணிக்குள்ள தொங்க விட்டு படி மாதிரி மிதிச்சு ஏறலாம். எனக்கு நாலாவது தடவைதான் வந்துச்சு, கூட ஒரு தம்பி நின்னு படகைப் பிடிச்சுக்கிட்டான்.

இன்னொண்ணு, எந்தத் தண்ணியில இறக்குறீங்கன்னு முடிவு பண்ணிட்டு வாங்குங்க, வாங்கிட்டு எடம் தேடாதீங்க. 1863ல லெவிஞ் துரை உருவாக்குன கொடைக்கானல் ஏரி நகராட்சி கையில இருக்கு, பேரிஜம் வனத்துறை காடு, உள்ள போறதுக்கே அனுமதி வேணும், அங்க படகு நெனப்பே வேணாம். அடிவாரத்து அணைகள்ல தண்ணி ஒரு துறை, மீன் இன்னொரு துறை, குத்தகை எடுத்த சங்கம் வேற. மீன்வளத்துறை ஆபீசுக்கு நேர்ல போய், எந்த எடம், எந்த நாள், என்ன படகுன்னு சொல்லிக் கேட்டு எழுத்துல வாங்குங்க. வெளியூர்ல இருந்து வண்டியில வர்றவங்க இ-பாஸும் போட்டுருங்க, 2024 மே மாசத்துல இருந்து கொடைக்கானலுக்கு அது வேணும். அணைக்குப் போனா முதல்ல அங்க பரிசல் போடுறவர்கிட்ட பேசுங்க. "அண்ணே, காத்து எத்தனை மணிக்கு எழும்பும், வலை எங்க கட்டியிருக்கு, மரக்கட்டை முங்கியிருக்குற எடம் எது"ன்னு மூணு கேள்வி. எங்க பக்கத்து அணையில காலை பத்தரைக்கு மேல மலைப் பக்கத்துல இருந்து காத்து இறங்கும்னு அவர் சொன்னார், அதனால நான் பத்து மணிக்கு தூண்டில் நரம்பைச் சுத்தி கரை ஏறிடுறேன்.